சணல் கதவும் தென்னைநார்ப் பலகையும்: மாதவரத்துப் பட்டறை ஒன்றின் சரக்கு பற்றி

மாதவரத்தில் லாரிகள் நிற்கும் தெருக்களில் ஒன்றில் இயங்கும் சிறிய பட்டறை ஒன்று, சணலையும் தென்னைநாரையும் பிளாஸ்டிக்கோடு சேர்த்து அழுத்திக் கதவுகளும் பலகைகளும் செய்து விற்றுவருகிறது. திருவொற்றியூரில் கடலுக்கு அருகில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அங்கிருந்து ஒரு குளியலறைக் கதவும், சமையலறைப் பரணை மூடுவதற்கான தகடுகளும், அலமாரித் தட்டுகளுக்காகச் சில பலகைகளும் வாங்கினேன். ஒரு வடகிழக்குப் பருவமழையும் ஒரு கத்திரி வெயிலும் கடந்துவிட்டதால், இந்தச் சரக்கு எந்த வேலைக்கு ஏற்றது, எதற்கு ஆகாது என்பதை இப்போது ஓரளவு உறுதியோடு எழுத முடிகிறது. கதவை வாங்கலாம், தென்னைநார்ப் பலகையைத் தயங்காமல் வாங்கலாம், பரணுக்குப் போட்ட மெல்லிய சணல் தகட்டை மட்டும் வாங்க வேண்டாம். மூன்றும் ஒரே கூரையின் கீழ், ஏறக்குறைய ஒரே ஆட்களின் கையால் செய்யப்பட்டவை. அப்படியிருக்க இரண்டு தேறி ஒன்று தவறியது ஏன் என்பதைச் சொல்லாமல் வெறும் மதிப்பெண் போடுவதில் யாருக்கும் பயன் இல்லை. மணலியில் பிளாஸ்டிக் வார்ப்புத் தொழிலில் நெடுங்காலம் இருந்தவன் என்பதால், வாங்கியவன் என்ற நிலையைத் தாண்டிக் கொஞ்சம் உள்ளே புகுந்தும் பார்த்தேன்.

எங்கள் பகுதியில் கதவு என்பதே ஒரு தொல்லை. உப்புக் காற்றில் இரும்பு துருப்பிடித்துவிடும். பிளைவுட் கதவின் அடிப்பகுதி இரண்டு மழைக்காலத்தில் உப்பி, ஏடு ஏடாகப் பிரிந்துவிடும். மலிவான பி.வி.சி. கதவு நனைந்தாலும் கெடாது. ஆனால் கீல் திருகு பிடிப்பதற்கு உள்ளே ஒன்றும் இல்லாததால், குழந்தைகள் இருக்கும் வீட்டில் அது சீக்கிரமே தொங்கத் தொடங்கும். கண்ணாடியிழைக் கதவு இவை எல்லாவற்றையும்விட உறுதியானது. காசிமேட்டுக்காரர்களுக்கு அந்தப் பொருளைப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை; கட்டுமரம் இருந்த இடத்தில் இன்று வரிசையாக நிற்கும் ஃபைபர் படகுகள் எல்லாம் கண்ணாடியிழையும், இறுகிக் கெட்டியாகும் பாலியஸ்டர் ரெசின் என்ற பிளாஸ்டிக் திரவமும்தான். அந்தப் படகுகளைச் செப்பனிடுபவர்களுக்குத் தெரிந்த இரண்டு குறைகள் அதில் உண்டு. தேய்க்கும்போது பறக்கும் தூள் உடம்பெல்லாம் அரிக்கும். ஆயுள் முடிந்த ஓடு உருகவும் உருகாது, மக்கவும் மக்காது, எடைக்குக் கேட்பாரும் இல்லை. கண்ணாடியிழை இருந்த இடத்தில் சணலையும் தென்னைநாரையும் வைத்தால் என்ன என்பதுதான் இந்தப் பட்டறையின் முயற்சி.

முயற்சி புதியது என்று அவர்களுடைய விளம்பரத் தாள் சொல்கிறது. அது சரியல்ல. கிழக்கு ஜெர்மனியில் 1957 முதல் 1991 வரை உற்பத்தியான டிராபன்ட் காரின் மேற்புறத் தகடுகள் பஞ்சு நாரையும் ஃபீனாலிக் ரெசினையும் சேர்த்து அழுத்திச் செய்யப்பட்டவை. 1990-களுக்குப் பிறகு ஐரோப்பியக் கார்களின் கதவு உட்பலகைகளில் ஆளிநார், சணல், கற்றாழை நார் ஆகியவை வழக்கமாகவே இடம்பெற்று வருகின்றன. இந்த உட்பலகைகள் காருக்குள் இருந்து மழையைப் பார்த்தவை, மழையில் நின்றவை அல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். ஈரத்தில் நிற்கும்படியாக இதைச் செய்வதுதான் இன்னும் முழுதாகத் தீராத வேலை. அதில் இந்தப் பட்டறை எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதை வைத்துத்தான் அதன் சரக்கை மதிப்பிட வேண்டும்.

கதவின் அமைப்பு இது. வெளித் தோல் இரண்டு பக்கமும் 3 மி.மீ. தடிமன், அதில் நடுவில் சணல் துணி, முகப்பில் மெல்லிய கண்ணாடியிழை மேட், மேலே ஜெல் கோட் என்னும் நிறமிட்ட ரெசின் பூச்சு. நான்கு ஓரங்களிலும் கீலும் தாழ்ப்பாளும் வரும் இடங்களிலும் தென்னைநார்ப் பலகையிலிருந்து அறுத்த சட்டங்கள். இடைவெளி முழுவதும் பாலியூரத்தேன் நுரை. அந்த நுரைக்கு மூலப்பொருளான பாலியால் எங்கள் மணலியிலேயே தயாராகும் சரக்கு. மொத்தத் தடிமன் 30 மி.மீ. தூக்கிப் பார்த்தால், இதே அளவுள்ள முழுக் கண்ணாடியிழைக் கதவைவிட எடை குறைவு என்பது கைக்கே தெரிகிறது.

எடைதான் இந்த நார்களின் முதல் தகுதி. கண்ணாடியிழையின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.5 கிராம், சணல் 1.3 முதல் 1.45 வரை, தென்னைநார் 1.2 அளவில் நிற்கும். பலத்தில் கதை வேறு. இழுவிசை பலம் கண்ணாடியிழைக்கு 2000 மெகாபாஸ்கலைத் தாண்டும். சணலுக்கு 400 முதல் 800 வரை. தென்னைநாருக்கு 200-ஐத் தொட்டாலே பெரிது. சணலை எடைக்கு எடை வைத்துக் கணக்கிட்டால் விறைப்பில் இந்த இடைவெளி பெருமளவு குறைந்துவிடும். ஆனால் முறியும் பலத்தில் கண்ணாடியிழையை அது எட்டாது. ஆகவே ‘கண்ணாடியிழைக்கு நிகரான பலம்’ என்று கடையில் சொன்னால், எந்தப் பலம் என்று திருப்பிக் கேட்பது நல்லது. தென்னைநாருக்கு வேறொரு குணம் உண்டு. அது அறுவதற்கு முன் தன் நீளத்தில் 15 முதல் 40 விழுக்காடு வரை நீளும். சணல் 2 விழுக்காட்டை ஒட்டியே அறுந்துவிடும். சட்டென்று விழும் அடியைத் தாங்குவதில் தென்னைநார்ப் பலகை எப்படித் தன் பலத்துக்கு மீறி நிற்கிறது என்பதற்கு இதுவே விளக்கம். சாக்குப் பையையும் கயிற்றையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது.

நாரின் பலத்தைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டேன். ஆனாலும் என் தொழில் அனுபவத்தில், இந்த வகைப் பலகை ஒன்று நிற்பதும் விழுவதும் நாரால் அன்று. நாருக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே உள்ள பிடிப்பால்தான். நார் தாவரத்திலிருந்து வந்தது, நீரை விரும்புவது; அதன் மேற்பரப்பு முழுவதும் நீரை ஈர்க்கும் ஹைட்ராக்சில் என்ற வேதித் தொகுதிகள் நிறைந்தது. பாலிப்ரோப்பிலீன் போன்ற பிளாஸ்டிக்கோ நீரை வெறுப்பது. இரண்டையும் உருக்கிக் கலந்தால் ஒன்றின் பக்கத்தில் ஒன்று இருக்குமே தவிர, ஒன்றை ஒன்று பற்றிக்கொள்ளாது. பற்றாத இடத்தில் சுமை நாருக்குப் போய்ச் சேராது. நார் அங்கே பலம் கொடுப்பதற்குப் பதிலாக ஓர் ஓட்டையாக மட்டுமே இருக்கும்.

இதைச் சோதிக்க ஆய்வகம் தேவையில்லை. பட்டறையில் கேட்டால் வெட்டுத் துண்டுகள் தருவார்கள். ஒரு துண்டை வைஸில் பிடித்து வளைத்து முறித்து, முறிந்த முகத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். பரண் தகட்டின் துண்டை அப்படிப் பார்த்தபோது, ஒரு பக்கத்தில் சணல் இழைகள் மயிர் மயிராக வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. எதிர்ப்பக்கத்தில் அதே இடங்களில் வழவழப்பான உட்சுவரோடு குட்டிக் குட்டித் துளைகள். இழை அறுந்து போகவில்லை, அப்படியே உருவிக்கொண்டு வந்திருக்கிறது. உருவிய இழையில் ரெசின் ஒட்டியதற்கான தடமே இல்லை. கதவுத் தோலின் துண்டில் இழைகள் முறிவு முகத்தோடு ஏறக்குறைய சமமாக அறுந்திருந்தன. நீட்டிக்கொண்டிருந்த சிலவற்றின் மேலும் ரெசின் துணுக்குகள் பிசிறாக ஒட்டியிருந்தன. இரண்டும் சணல்தான், இரண்டும் பாலியஸ்டர்தான். நான் இரண்டு துண்டையும் மேசைமேல் வைத்ததும், பட்டறையை நடத்தும் இளைஞர் மறைக்காமல் சொன்னார்: “சார், தகடு பழைய ஸ்டாக். அதுல சணல சோடாவுல போடல.”

காஸ்டிக் சோடா விஷயம் இது. சணலையோ தென்னைநாரையோ 5 விழுக்காட்டுக் காஸ்டிக் சோடாக் கரைசலில் சில மணி நேரம் ஊறவைத்து, நன்றாக அலசி, எஞ்சிய காரத்தை நீர்த்த அசிட்டிக் அமிலத்தால் சரிக்கட்டி, உலர்த்தி எடுத்தால், நாரின் மேல் இருக்கும் மெழுகும், ஹெமிசெல்லுலோஸ் என்ற தாவரப் பொருளும், நாரைக் கெட்டியாக்கும் லிக்னினில் ஒரு பகுதியும் கரைந்து போகும். மேற்பரப்பு சொரசொரப்பாகும், ஒரே கட்டாக இருந்த நார் மெல்லிய இழைகளாகப் பிரியும், ரெசின் பற்றுவதற்கு இடம் பெருகும். ஜான் மெர்சர் என்ற ஆங்கிலேயர் 1850-இல் பருத்திக்குக் காப்புரிமை பெற்ற அதே முறைதான். கரைசலின் கடுமையும் நேரமும் கூடினால் செல்லுலோஸே சிதைந்து நார் பலவீனமாகிவிடும் என்பதால், இது கணக்காகச் செய்ய வேண்டிய வேலை. நாரை ஊறவைக்கும் ஆளுக்கு நேரம் பார்க்கும் பழக்கம் இல்லாவிட்டால், அடுத்தடுத்த தொகுதிகளில் ஒரே தரம் வராது. இங்கே தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு கடிகாரமும், தொகுதி எண் எழுதும் நோட்டும் தொங்குவதைப் பார்த்தது எனக்கு ஆறுதலாக இருந்தது.

ஊறவைத்த நீர் தேநீர் நிறத்தில், காரம் நிறைந்ததாக வெளிவரும். அதை அப்படியே சாக்கடையில் விட்டால் என்ன ஆகும் என்பதைக் கொசஸ்தலையாற்றையும் பக்கிங்ஹாம் கால்வாயையும் பார்த்துக்கொண்டு வாழும் நாங்கள் கேட்காமல் இருக்க முடியாது. அமிலம் சேர்த்துச் சரிக்கட்டி, தொட்டியில் தெளியவைத்து, மேல்நீரை அடுத்த தொகுதியை அலசப் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள், தொட்டிகளையும் காட்டினார்கள். பசுமைப் பொருள் என்று சொல்லி விற்கும் எவரிடமும், வாடிக்கையாளர் விலைக்கு முன்பாகக் கேட்க வேண்டிய கேள்வி இது என்பது என் கருத்து.

இனி ஈரம். சாதாரணமான கடற்கரைக் காற்றிலேயே 100 கிராம் உலர்ந்த சணல் 12 கிராம் அளவுக்கு ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். அந்த ஈரத்தோடு அதை ரெசினில் வைத்தால் பாலியஸ்டர் சரியாக இறுகாது. சூடேறும்போது நீராவி கிளம்பிக் குமிழிகள் உண்டாகும். ஆகவே அழுத்துவதற்கு முன் 80 முதல் 100 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி நாரை உலர்த்தியாக வேண்டும். உலர்த்தியதை வெளியே வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால், ஐப்பசி மாதத்தில் திரும்பி வருவதற்குள் பாதி ஈரம் ஏறியிருக்கும். இந்தப் பட்டறையில் அடுப்பிலிருந்து எடுத்ததை நேராகப் பிரஸ்ஸுக்குக் கொண்டுபோகிறார்கள். அடைமழை நாட்களில் கதவு வேலையை நிறுத்திவிடுகிறார்கள். அதனால் அந்தப் பருவத்தில் ஆர்டர் கொடுப்பவர் காத்திருக்க நேரும். காத்திருப்பதே மேல்.

சரியாகச் செய்த பலகையும் முழுதாக நீர் புகாதது ஆகிவிடாது. ஒவ்வொரு நாரின் உள்ளேயும் நுண்குழல் ஓடுகிறது. பலகையின் முகத்தில் ரெசின் மூடியிருக்கும்வரை குழல்களின் வாய் அடைபட்டிருக்கும். தச்சர் ஓரத்தை அறுத்த மறுகணம், ஆயிரக்கணக்கான வாய்கள் திறந்துகொள்ளும். இளநீரில் போட்ட உறிஞ்சு குழல் போல ஈரம் மேலே ஏறும். ஏறிய ஈரத்தில் நார் பருக்கும், காய்ந்ததும் சுருங்கும். இப்படிப் பருத்துச் சுருங்குவதில் பிடிப்பு விட்டு நுண்விரிசல் விழும். விரிசல் வழியே இன்னும் நீர் போகும். இந்தச் சுழற்சியில்தான் எங்கள் பரண் தகடுகள் வீழ்ந்தன. அளவுக்குக் கொஞ்சம் பெரிதாக இருந்ததால் வீட்டில் வைத்தே அறுத்தோம். அறுத்த வாயை மூடவில்லை. அடுப்பிலிருந்து வரும் ஆவி போதுமானதாக இருந்தது. கீழ் ஓரம் இரண்டு விரல் உயரத்துக்கு அலையலையாக எழும்பி, ஜெல் கோட்டில் மயிரிழை வெடிப்புகள் ஓடி, அவற்றுக்குள் கரும்பூசணம் புகுந்துவிட்டது. இப்போது அந்தத் தகடுகளைக் கழற்றிவிட்டோம்.

கதவுக்கும் இதே ஆபத்து உண்டு. மாட்ட வந்த கொருக்குப்பேட்டைத் தச்சர் அடியில் ஒரு விரல் அளவுக்கு அறுக்க வேண்டியிருந்தது. பட்டறையிலிருந்து கதவோடு வந்திருந்த சிறு டப்பா ரெசினையும், அதை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட்டையும் அவர் கையில் கொடுத்து, அறுத்த வாயில் இரண்டு பூச்சு பூசச் சொன்னேன். “அண்ணே, கதவுக்கு அடியில யாரு பார்க்கப் போறா?” என்று சிரித்துக்கொண்டே பூசினார். அந்தக் கதவின் அடி ஓரம் இன்றுவரை நேர்க்கோடாகத்தான் இருக்கிறது. திருகுக்குத் துளை போட்ட இடங்களிலும் ரெசினைத் தொட்டு வைத்துவிட்டே திருகினார். அதுவும் அவசியம், ஒவ்வொரு துளையும் ஒரு வெட்டு வாய்தான்.

பட்டறை தரும் சோதனை அறிக்கையில் நீர் உறிஞ்சும் அளவு என்று ஓர் எண் இருக்கிறது. அது 24 மணி நேரம் நீரில் மூழ்கவைத்துப் பார்க்கும் ஏ.எஸ்.டி.எம். டி570 முறையில் எடுக்கப்பட்டது. வெறும் பிளாஸ்டிக்குக்கு அது பொருந்தலாம். நார் கலந்த பலகை வாரக்கணக்கில் நீரை வாங்கிக்கொண்டே போகும் என்பதால், முதல் நாள் கணக்கு நிலைமையைக் குறைத்தே காட்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 4020 கதவுச் சோதனை வரிசையில், கதவின் முனையை நீரில் ஊறவைத்து உலர்த்தித் திரும்பத் திரும்பப் பார்க்கும் சோதனையும், திருகைப் பிடுங்கிப் பார்க்கும் சோதனையும் உண்டு. குளியலறைக் கதவு வாங்குபவருக்கு உண்மையில் பயன்படுவது அந்த அறிக்கைதான். இவர்களிடம் அது இல்லை. கிண்டியில் உள்ள சிப்பெட் போன்ற நிறுவனங்களில் பிளாஸ்டிக் பொருள்களைச் சோதித்துத் தருகிறார்கள். கதவையே முதன்மைச் சரக்காக விற்கும் பட்டறை, அதற்குரிய முழுச் சோதனையையும் ஓர் அங்கீகரித்த ஆய்வகத்தில் செய்துகொள்ளாமல் இருப்பது பெரிய குறை.

தென்னைநார்ப் பலகைக்கு வருகிறேன். இந்தப் பட்டறையின் மிகச் சிறந்த சரக்கு இதுதான், ஆனால் விளம்பரத் தாளில் கடைசி வரியில் இருக்கிறது. பொள்ளாச்சிப் பக்கத்து நாரைக் குட்டையாக வெட்டி, மறுசுழற்சிப் பாலிப்ரோப்பிலீனோடு, அதாவது பழைய பக்கெட், நாற்காலி அரைத்த துகளோடு கலந்து, உருக்கி, சூடான அச்சில் 12 மி.மீ. தடிமனுக்கு அழுத்துகிறார்கள். நார் எடையில் மூன்றில் ஒரு பங்கு. இதற்கு மேல் நாரை ஏற்றினால் விலை குறையும். ஆனால் பிளாஸ்டிக் எல்லா இழைகளையும் நனைக்காமல் காற்றுப் பொத்தல்கள் விழுந்து, பலம் ஏறுவதற்குப் பதிலாக இறங்கும். உருக்கும் வெப்பத்தை 190 டிகிரிக்குள் கட்டுப்படுத்துகிறார்கள். பாலிப்ரோப்பிலீன் 165 டிகிரி அளவில் உருகிவிடும். 200-ஐத் தாண்டினால் நார் கருகத் தொடங்கி, தீய்ந்த வெல்ல வாடை வரும். பாட்டில் பிளாஸ்டிக்கான பெட், 250 டிகிரிக்கு மேலேதான் உருகும் என்பதால், ஊரெல்லாம் கிடைத்தாலும் நாரோடு சேர்க்க அது உதவாது.

நீரை வெறுக்கும் பாலிப்ரோப்பிலீனை நாரோடு பிணைக்க, மாலியிக் அன்ஹைட்ரைடு ஒட்டவைத்த பாலிப்ரோப்பிலீன் துகளைச் சிறிதளவு, வழக்கமாக 2 முதல் 5 விழுக்காடு, சேர்க்கிறார்கள். அதன் ஒரு முனை நாரின் ஹைட்ராக்சில் தொகுதியோடு வேதிப் பிணைப்பு கொள்ளும். மறுமுனை உருகிய பிளாஸ்டிக்கோடு பின்னிக்கொள்ளும். இந்தத் துகள் மற்றச் சரக்கைவிட விலை கூடுதல் என்பதால், மலிவுப் பலகை செய்பவர்கள் முதலில் கைவைப்பது இதில்தான். சேர்த்தார்களா இல்லையா என்பதை முன்பு சொன்ன முறிவுச் சோதனையே காட்டிக்கொடுத்துவிடும். நான் வாங்கிய பலகையில் இழைகள் உருவாமல் அறுந்திருந்தன.

வீட்டு அலமாரியில் அந்தப் பலகை பாத்திரங்களைச் சுமந்துகொண்டு சும்மா இருக்கிறது. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. உண்மையான சோதனை வெளியே நடந்தது. எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அம்மாவின் மீன்பாடி வண்டியில் தளப் பலகை இற்றுப்போயிருந்தது. மிஞ்சிய துண்டுகளை அவருடைய மகனிடம் கொடுத்தேன். ஐஸ் உருகிய நீர், உப்பு, மீன் கழிவு, அதன்மேல் காய்ச்சும் வெயில், காசிமேட்டிலிருந்து வரும் வழியெல்லாம் குழி என்று ஒரு பலகைக்கு இதைவிடக் கடுமையான பிழைப்பு அமையாது. முன்னிருந்த பிளைவுட் இந்த வண்டியில் ஒரு மழைக்காலம்கூடத் தாண்டியதில்லை என்றார் அந்த அம்மா. இந்தப் பலகையின் தடிமன் ஓரத்தில் இலேசாகக் கூடியிருக்கிறது; போல்ட் துளைகளைச் சுற்றி வட்டமாகக் கறுத்திருக்கிறது; மேற்பரப்பு வெயிலில் வெளுத்து, கையால் தேய்த்தால் மாவாக ஒட்டுகிறது. ஆனால் வளையவில்லை, பிரியவில்லை, ஏற்றி இறக்கும் பெட்டி இடித்த இடத்தில் தெறிக்கவில்லை. தென்னைநாரில் லிக்னின் 40 விழுக்காட்டை ஒட்டி இருப்பதால், சணலைவிட இது மக்குவதற்கு அதிக காலம் எடுத்துக்கொள்ளும். அந்த அம்மா சொல்லும் ஒரு குறை, “கால் வழுக்குதுப்பா” என்பது. அந்த மகன் மேலே பழைய ரப்பர் மேட் விரித்துவிட்டான்.

மேற்பரப்பு வெளுப்பதைத் தடுக்கக் கார்பன் கறுப்பு சேர்த்த பலகையும் பட்டறையில் கிடைக்கிறது. வெளியில் பயன்படுத்துபவர்கள் அழகு பாராமல் அதையே கேட்டு வாங்க வேண்டும். அடுப்புக்கு அருகில் எந்த வகையையும் வைக்கக் கூடாது. நாரும் எரியும், பாலிப்ரோப்பிலீனும் எரிந்து சொட்டும். தீத்தடுப்புப் பொடி சேர்த்த வகை இவர்களிடம் இல்லை. கதவு வந்த புதிதில் குளியலறையில், ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் என்ற வேதிப்பொருளின் நெடி இருந்தது. ரெசின் முழுதாக இறுகுவதற்குள் அனுப்பிவிட்டார்கள் என்பதே அதன் பொருள். ஒரு வாரம் வெயிலில் சாய்த்துவைத்து அனுப்பினால் இந்தப் புகார் எழாது.

ரெசினில் அனல் மின் நிலையச் சாம்பலைக் கலந்து ஒரு மாதிரிக் கதவும் செய்து வைத்திருக்கிறார்கள். எண்ணூர்க்காரர்களுக்குச் சாம்பலைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை; அது எங்காவது கட்டுண்டு கிடந்தால் மகிழ்ச்சியே. நுண்ணிய சாம்பல் உருண்டைகள் விறைப்பைக் கூட்டி, ரெசின் செலவைக் குறைக்கும். அளவு மீறினால் அடிபட்ட இடத்தில் பட்டென்று உடையும். காட்டிய மாதிரியின் மூலையைச் சுத்தியலால் தட்டினேன், சில்லுப் பெயர்ந்தது. இப்போதைக்கு அதை வாங்க வேண்டாம்.

விளம்பரத் தாளில் இருக்கும் ‘100 விழுக்காடு மக்கும்’ என்ற வரியை அவர்கள் நீக்கியாக வேண்டும். பாலியஸ்டர் மக்காது. பாலிப்ரோப்பிலீன் மக்காது. மக்குவது நடுவிலிருக்கும் நார் மட்டும். அது மக்கத் தொடங்கினால் கதவு கெடுகிறது என்று பொருள். கையால் ரெசின் பூசிச் செய்யும் சணல் தகட்டில், சணல் கண்ணாடியிழையைவிட அதிகமாக ரெசினைக் குடிக்கும் என்பதால், சில நேரம் கண்ணாடியிழைத் தகட்டைவிடப் பிளாஸ்டிக் கூடுதலாகவே சேர்ந்துவிடும். பிரஸ்ஸில் அழுத்திச் செய்வதால்தான் இந்தக் கதவில் அது குறைந்திருக்கிறது. முகப்பில் கண்ணாடியிழை சேர்த்தது பலத்துக்கும் ஈரத்துக்கும் நல்ல முடிவு. ஆனால் ஆயுள் முடிந்தபின் அந்தக் கதவும் பழைய ஃபைபர் படகின் கதியையே அடையும். தென்னைநார்ப் பலகையை மறுபடி அரைத்து உருக்கி, ஒவ்வொரு முறையும் நார் சற்றுக் குட்டையானாலும், இன்னொரு பலகை செய்யலாம். பழைய பலகையை எடைக்குத் திரும்ப வாங்கிக்கொள்வதாகவும் சொல்கிறார்கள். பசுமை என்று பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டுமானால் அந்த ஒன்றைச் சொன்னாலே போதும்.

விலை, நல்ல பி.வி.சி. கதவைவிடக் கூடுதல்; முழுக் கண்ணாடியிழைக் கதவைவிடக் குறைவு. வால்டாக்ஸ் சாலைக் கடைகளில் கிடைக்கும் தரமான நீர்த்தாங்கும் பிளைவுட்டோடு ஒப்பிட்டால், தென்னைநார்ப் பலகை சதுர அடிக் கணக்கில் ஏறக்குறைய அதே விலைக்கு வருகிறது. வண்டிச் சத்தம் தனி; கதவை மீன்பாடி வண்டியிலேயே கட்டி அனுப்பினார்கள், கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தது. தொலைபேசியை எடுப்பார்கள், பதில் சொல்வார்கள். பரண் தகடுகளைப் பற்றிப் புகார் சொன்னபோது, பழைய ஸ்டாக் என்று ஒப்புக்கொண்டு பாதிப் பணத்தைத் தென்னைநார்ப் பலகையாகத் தந்தார்கள். பழைய ஸ்டாக் என்று தெரிந்தும் விற்றிருக்கிறார்கள் என்பதையும் இதோடு சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வாங்கப் போகிறவர்கள், கதவு நிலையின் உயரத்தையும் அகலத்தையும் தரைப்பூச்சு முடிந்தபின் அளந்து, அடியில் விட வேண்டிய இடைவெளியைக் கழித்துச் சொன்னால் வீட்டில் அறுக்கும் தேவையே வராது. கீல், தாழ்ப்பாள், டவல் கம்பி எங்கே வரும் என்பதையும் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். சட்டம் இல்லாத இடத்தில் திருகினால் நுரையில்தான் போய் நிற்கும். மழைக்காலத்தில் முன்பதிவு செய்தால் கார்த்திகைக்குள் கதவு கிடைக்காது. தை பிறந்த பிறகு கொடுப்பது நல்லது. ஓரத்துக்குப் பூசும் ரெசின் டப்பா விலையில் அடங்கியது, ஆனால் கேட்டால்தான் தருகிறார்கள். டப்பாவின் மேல் தேதி பார்த்து வாங்க வேண்டும், ஏனென்றால் எங்கள் வெப்பத்தில் பாலியஸ்டர் ரெசின் சில மாதங்களிலேயே டப்பாவுக்குள் தானாகக் கெட்டியாகிவிடும்.